மதுரை ஓடுபாதையும் மே மாத வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் மதுரை விமானங்கள் தாமதமாவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பயணிகளின் கோபம் நியாயமானது. ஆனால் வெயில் ஒரு விமானத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கொடைக்கானல்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரைதான். எங்கள் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் தலையணைபோல் உப்பிவிடும். மேலே ஏற ஏறக் காற்று லேசாகும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கே தெரியும். வெயிலும் காற்றை லேசாக்குகிறது. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறையும். இன்ஜினின் உந்துவிசையும் குறையும். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி கொளுத்தும் மதியத்தில், விமானிகள் போடும் அடர்த்திக் கணக்குப்படி அது ஏறத்தாழ 1,090 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலின் உயரத்தில் பாதி!

அந்த நேரத்தில் விமானம் மேலெழும்ப அதிக வேகம் வேண்டும், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். மதுரை ஓடுபாதையோ 7,500 அடி. நீளம் போதாதபோது எடையைக் குறைத்தாக வேண்டும். போகும் தூரம் மாறாததால் எரிபொருளில் கைவைக்க முடியாது. முதலில் சரக்கு, பிறகு பெட்டிகள், கடைசியில் ஆட்களே இறக்கப்படுவார்கள்.

போன மே மாதம் துபாய்க்குப் போன என் மகனின் பெட்டி அவனோடு போய்ச் சேரவில்லை. அங்கே பெல்ட் சுற்றி ஓய்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. விசாரித்தபோது "வெயில்ல லோடு குறைச்சுட்டோம் சார்" என்றார்கள். பாதுகாப்புக்காகக் குறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. புறப்படும் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா? மாத்திரையைக் கைப்பையில் எடுத்து வைத்திருப்பான்.

இது மதுரையோடு நிற்கும் விஷயமல்ல. 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் வெப்பம் 49 டிகிரியைத் தொடும் என்றதும் சிறு ரக விமானங்கள் பல ரத்தாயின. அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பே சுமார் 48 டிகிரி. 2022 ஜூலையில் லண்டனை அடுத்த லூட்டனில் ஓடுபாதையின் மேற்பரப்பே வெயிலில் பெயர்ந்து, விமானங்கள் நின்றன. 2024 ஜூலையில் நம் லடாக்கின் லே நகரிலும் வெப்பத்தால் விமானங்கள் ரத்தாயின.

மதுரை ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரிய விமானங்கள் வரும் என்று மட்டுமே சொல்கிறார்கள். இப்போது வந்துபோகும் விமானங்களே முழு எடையோடு மதியத்தில் புறப்பட அந்த நீளம் உதவும். அதற்காக நிலமும் வீடும் இழக்கும் சின்ன உடைப்பு கிராம மக்களுக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அதில் எனக்குச் சமரசம் இல்லை.

ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கிட, ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் தினசரி உச்ச வெப்பநிலைகளைப் பல ஆண்டுகளுக்குச் சராசரி எடுப்பது வழக்கம். அது கடந்துபோன ஆண்டுகளின் வெயில். இனி வரும் வெயில் அதைவிடக் கடுமையாக இருக்கும்போது, பழைய சராசரியை நம்பிக் கட்டலாமா?

பெட்டி ஏற்றும் தொழிலாளர்களையும் மறக்கக் கூடாது. கொதிக்கும் கான்கிரீட் தளத்தில் அவர்கள் விமானத்தின் இறக்கை நிழலில் ஒண்டி நிற்பதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிழற்கூடமும் குடிநீரும் மதியத்தில் மாற்று ஆளும் கட்டாயமாக வேண்டும்.

எந்த வெப்பநிலையை வைத்துப் புதிய ஓடுபாதையின் நீளம் முடிவானது என்று தங்கள் நிருபர் விமான நிலைய அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.