பக்கவாதப் பயிற்சி தெருமுனை கிளினிக்கில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் பற்றிப் பொதுமக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த மருத்துவருக்கு, எதில் பயிற்சி என்று கட்டுரை சொல்லாமல் விட்டதால் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினம். அன்று கடற்கரையில் தொப்பியும் பனியனும் கொடுத்து நடைப்பயணம் நடத்துகிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல் நிபுணர்கள் பேட்டி அளிக்கிறார்கள். அந்த நிபுணர்களுக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் தேவையில்லை. விடியற்காலையில் எழுந்து நடக்க வருகிறவர்களும் உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படுகிறவர்கள்தாம். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட வியாசர்பாடி ஆட்டோ ஓட்டுநரும், சர்க்கரை நோயோடு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓட்டேரிப் பெண்மணியும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த டாக்டர், மாலையில் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் போட்டுப் பார்ப்பவர். இல்லையென்றால் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர். பயிற்சி இவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

பக்கவாதத்தின் பெரிய சூழ்ச்சியே அது பெரும்பாலும் வலிக்காமல் வருவதுதான். நெஞ்சு வலித்தால் நள்ளிரவிலும் வண்டி தேடுகிற குடும்பம், கை மரத்துப் போனால் ‘வாயுவாக இருக்கும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறது. அந்த நேரத்தில் மூளையில் ரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால், மூளையில் ரத்தம் கசியவில்லை என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பெரிய ரத்தக் குழாய் அடைபட்ட சிலருக்கு, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரையிலும் செய்ய முடிகிறது. ஆனால் ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த 24 மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘காலையில் போகலாம்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கணவரின் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது பிசைந்த சோறு அவர் விரலிடுக்கில் நழுவியது. உதட்டின் ஒரு ஓரத்தில் ரசம் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. பேச்சு குழறியது. எங்கள் குடும்பத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும், கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டரிடம்தான் கூட்டிப்போனோம். பிரஷர் மிக அதிகமாக இருந்ததால் அதை உடனே இறக்க மருந்து கொடுத்துவிட்டு, ‘ராத்திரி நல்லா தூங்கட்டும், காலையில கூட்டிட்டு வாங்க’ என்று அனுப்பிவிட்டார். காலையில் வலது கையும் காலும் அசையவில்லை. மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பது. நாங்கள் மூன்று பேர் மூன்று நேரத்தைச் சொன்னோம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் ஊசிக்கான நேரம் கடந்திருந்தது.

அந்த டாக்டரை நான் குற்றம் சாட்டவில்லை. அவர் படித்த காலத்தில் பக்கவாதத்துக்கு அவசர சிகிச்சை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்று காட்டிய அமெரிக்க ஆய்வே 1995ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. மூன்று மணி நேர வரம்பை நான்கரை மணியாக நீட்டலாம் என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியது 2008இல். ஆகவே, மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி அளிக்கும் முன், சொல்லப்போகிறவருக்கே சிலவற்றைப் புதுப்பித்துத் தர வேண்டியிருக்கிறது. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் பிரஷரைச் சட்டென்று இறக்கினால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடலாம். தமிழகத்தில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் அதே பழக்கத்தில் பக்கவாதத்துக்கும் ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது, ஏனெனில் ரத்தக் கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து; உள்ளே கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது, பேசும் முறை. பெரும்பாலான டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பக்கவாதத்தில் அது பயன்படாது. தனக்கு வந்திருப்பது நோயாளிக்கே தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. பிரஷர் பார்க்கக் கையில் பட்டை கட்டும் அந்த இரண்டு நிமிடத்தில், கூட வந்திருக்கும் மனைவியிடமோ மருமகளிடமோ நடித்தே காட்டலாம்: ‘இவரைச் சிரிக்கச் சொல்லும்மா, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு, வீட்டு அட்ரஸைச் சொல்லச் சொல்லு. இதுல ஒண்ணு கோணினாலும் மணியைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டு 108க்குப் போன் பண்ணு. வாயில காபி, தண்ணி எதையும் ஊத்தாதே.’ விழுங்க முடியாதவருக்கு ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதையும், விரல் நுனியில் ஊசி குத்துவதும் புறா ரத்தம் தடவுவதும் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும் என்பதையும் டாக்டர் சொன்னால் குடும்பம் கேட்கும். நான் சொன்னால் கேட்காது. பத்து நிமிடம் வாய் கோணித் தானாகவே சரியாகிவிட்டால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, அடுத்த இரண்டு நாளில் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

இத்தகைய பயிற்சியை நட்சத்திர ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தோடு முடியும் கருத்தரங்காக நடத்துவதில் பலனில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான் என்ன சொன்னேன் என்பதை வைத்து அல்ல, பிள்ளை திருப்பி என்ன சொன்னது என்பதை வைத்துத்தான் பாடத்தை மதிப்பிட வேண்டும். பயிற்சிக்கு வரும் டாக்டர் சாதாரண மக்கள் நான்கு பேரை உட்கார வைத்துத் தமிழில் விளக்கட்டும். அவர்கள் திருப்பிச் சொல்வதை மற்ற டாக்டர்கள் கேட்கட்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுசெல்லும் பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும். மாத்திரையை யார் விழுங்குகிறார்கள், யார் அலமாரியில் சேர்த்து வைக்கிறார்கள் என்பது டாக்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் தினமும் சொல்ல வேண்டியதில்லை. பிரஷர், சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரு முறை சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டில் நான்கு வரி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தால் போதும்.

ஆனால் அந்த ஸ்டாம்பில் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் இருக்க வேண்டுமே. சென்னையில் இரவு இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடும் வசதியுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள் எவை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எங்கெல்லாம் சிகிச்சை பெறலாம் என்பதை மாநகராட்சியும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் மண்டல வாரியாகத் தொகுத்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் அனுப்ப வேண்டும். அப்படியொரு பட்டியலை உங்கள் நாளிதழே அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி, சென்னைப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11