உடற்பயிற்சிக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மார்கழிக் கூட்டம் மட்டும் மழையால் தவறியது. சிரமதானம் இரண்டு தடவை. பொங்கல் கரப்பந்தாட்டப் போட்டியும் நடந்தது.

விரிவாகச் சொல்ல வேண்டியது வரவுப் பதிவேடு பற்றித்தான். முன்பு பெயரும் கையொப்பமும் மட்டும் வாங்கினோம். சித்திரையிலிருந்து வயது, ஆணா பெண்ணா, வந்த நேரம் எல்லாம் எழுத வைத்தேன். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அப்படி எழுதியபடியால்தான் யார் வரவில்லை என்பது தெரிந்தது.

மாலை 6 மணிக்குப் பிறகு வருபவர்கள் அநேகமாக இருபது வயதை ஒட்டிய பெடியன்கள். 40 தாண்டிய ஆண்கள் மிகக் குறைவு. காலபோக நெல் வெட்டு நேரத்தில் அவர்களும் இல்லை. வயல் வேலையே பயிற்சிதானே என்கிறார்கள். ஒரு காலத்தில் சரி. இப்போது உழுவதும் வெட்டுவதும் இயந்திரம், நாங்கள் வரம்பில் நிற்கிறோம். சீனியும் பிறசரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் இலவசமாகப் பரிசோதிக்கலாம். அங்கும் ஆண்கள் வருவது குறைவு. இது நாடு முழுக்க உள்ள குறை.

பெண்களின் பெயர் அங்கத்துவப் பட்டியலில் இருந்தது, வரவில் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். விருப்பமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியவே வந்துவிடுகிறது. திரும்பி வந்தால் சமையல். இருட்டினபின் ஒழுங்கையால் தனியே வரப் பயம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் அக்கா ஒருவர், “ஊர் என்ன கதைக்கும் தம்பி” என்றார்.

அதனால் செவ்வாய், வியாழன் பின்னேரம் 4 முதல் 5.30 வரையும் ஞாயிறு காலையும் பெண்களுக்கு மட்டும் என ஒதுக்கினேன். யன்னல்களுக்குத் திரை போட்டோம். முதல் சில வாரம் ஒருவர் இருவர்தான். இப்போது ஞாயிறு காலை மண்டபத்தில் இடம் போதாது. மகளோடு வரும் அம்மாமார் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பவும் ஒற்றைக் காலில் நிற்கவும் பழகுகிறார்கள். 65 தாண்டியவர்களுக்கு வாரத்தில் 3 நாளாவது இப்படிச் சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழும்பி நடப்பது எவ்வளவு பாடு என்று நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

அந்த நேரங்களில் ஆண்களுக்கு மண்டபத்தை மூடியது கழக யாப்புக்கு முரண் என்று இரண்டு அங்கத்தவர்கள் எழுதித் தந்தார்கள். அந்த நேரங்களில் முன்பு மண்டபம் வெறுமையாகவே கிடந்தது. பதிவேடு மேசையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்த இருவரின் பெயருக்கு நேரே வைகாசிக்குப் பிறகு சந்தா விழவில்லை. கச்சான் விற்ற காசில் மாதம் தவறாமல் கட்டும் பெண்கள் இருக்கும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். மின்கட்டணம் போக மிச்சம் சொல்லும்படி இல்லை. மண்டபம் தந்த கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும், பாய்கள் தந்த மாதர் சங்கத்துக்கும், குடும்பநல உத்தியோகத்தருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஒழுங்கைக்கு ஒரு விளக்கு வேண்டும், பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வேண்டும். 40 தாண்டிய ஆண்களுக்காகக் காலை 5.30 மணிக்குத் திறக்கலாம். திறப்பு என்னிடம்தான், நான் வருவேன். பத்துப் பேர் இன்றைக்கே பெயர் தந்தால் போதும். இந்தப் பொறுப்பை வேறு யாரும் ஏற்க முன்வந்தாலும் பதிவேட்டோடு ஒப்படைக்கத் தயார். பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

செயலாளர்