‘வெள்ளை’ என்றால் என்னவென்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவேரிப்பட்டினம் பக்கத்தில் மகளிர் சுய உதவிக்குழு நடத்துகிறேன். போன வருடம் மாம்பழ சீசன் முடிந்ததும், மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் என் ஓரகத்தியைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு வயது 41. “எனக்குத்தான் ஒரு வலியும் இல்லையே, எதுக்குக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள். வலி வருவதற்கு முன்பே பார்த்துவிடும் சோதனை இது என்று நானும் அவளுக்கு விளங்கச் சொல்லவில்லை.

உள்ளே ஐந்து நிமிட வேலை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு கருப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். வெளியே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, நர்ஸ் கதவருகே நின்று, “வெள்ளையா இருக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். ஓரகத்தி சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் வரை தலை நிமிராமல் நடந்தாள்.

வெள்ளை என்றதும் அவள் வெள்ளைப்படுதல் என்று எடுத்துக்கொண்டாள். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஊருக்குள் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. சின்ன சிகிச்சையோடு சரியாகிவிட்டது.

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். தங்கிவிட்டால்கூடப் புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். 30 வயதைத் தாண்டியவர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது அதனால்தான். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் அவள் தூக்கமில்லாமல் கிடந்திருக்க மாட்டாள்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் தன்னார்வலர் சகோதரி எங்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர். சோதனைக்கு முன்பே அவர் இதையெல்லாம் சொல்லட்டும். முடிவை நர்ஸ் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லட்டும். ‘வெள்ளை’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டாம்.

எங்கள் குழுவில் முப்பதைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர். ஓரகத்தியே தனக்கு நடந்ததைக் கூட்டத்தில் சொன்ன பிறகு ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற மூவரும் கேட்டது ஒன்றுதான்: “வெளியே சொல்ல மாட்டாங்களே?”

ஒரு வாசகி,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்