லட்டுவின் முடியைப் பிரித்துப் பார்

அன்பு மகள் யாழினிக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய படம் வந்தது. உங்கள் நாய் லட்டுவுக்கென்று விதவிதமாகப் பிரஷ் வாங்கி மேசையில் அடுக்கி, "இதில் எது அத்தை?" என்று கேட்டிருக்கிறார். நீயும் சனிக்கிழமைகளில் குதிரை லாயத்துக்குப் போகிறாய், அங்கே பெட்டி நிறையப் பிரஷ் கிடக்கிறது, எதை எடுப்பதென்று தெரியவில்லை என்கிறாய். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரஷ்ஷை எல்லாம் கொஞ்ச நேரம் ஓரமாக வை. லட்டுவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடைப் பக்கம் முடியை இரண்டு கையாலும் பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார். மேலே நீளமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒரு முடி. அதற்கு அடியில் பஞ்சு போல நெருக்கமாக இன்னொரு முடி. கோல்டன் ரிட்ரீவருக்கு இந்த இரட்டை அடுக்கு வந்த இடம் ஸ்காட்லாந்தில் நீங்கள் இருக்கும் இன்வெர்னஸிலிருந்து அதிக தூரம் இல்லை. கூஷகன் என்ற எஸ்டேட்டில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், 1868இல் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் தண்ணீரில் இறங்கி வேலை செய்யும் ஸ்பேனியல் ஒன்றையும் இணை சேர்த்துத்தான் இந்த இனத்தைத் தொடங்கினார். வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த ஏரிக்குள் நீந்திப் போய் எடுத்துவர வேண்டிய நாய். மேல்முடி தண்ணீரை வழியவிடும், அடிமுடி உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். பிரஷ் வாங்கும்போது இந்த இரண்டு வேலையும் நினைவில் இருக்கட்டும்.

மாப்பிள்ளையின் படத்தில் இடது ஓரம் இருக்கிறதே, உருண்டை முனையோடு நீளப் பல் வைத்த ரேக், அதுதான் லட்டுவுக்கு முதல் ஆயுதம். உதிர்ந்தும் வெளியே வராமல் மாட்டிக்கொண்டிருக்கும் அடிமுடியை அது வாரி எடுக்கும். முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். அப்புறம் வளைந்த மெல்லிய கம்பிகள் வைத்த ஸ்லிக்கர்: காதோரம், தொடைக் குஞ்சம், வால் ஆகிய இடங்களுக்கு. கடைசியில் ஸ்டீல் சீப்பு. சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடங்கல் இல்லாமல் போனால் வேலை முடிந்தது. எங்காவது நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் மேலாக வாரிவிட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அடியில் முடி கம்பளம் போலப் பின்னிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கி வாரினால்தான் தோல்வரை போகும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடு. தண்ணீர் பட்டால் சடை இன்னும் இறுகும். சிக்கு எடுக்கும்போது வேரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்து வா, பள்ளிக்கூட நாட்களில் உன் தலைமுடிக்குச் செய்தேனே அதேபோல.

கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவே கூடாது, யாழினி. சடை விழும்போது தோலும் அதோடு கூடாரம் மாதிரி எழும்பி வந்துவிடும். காதுக்குப் பின்னால் சடையை வெட்டப்போய்த் தோலையும் சேர்த்து வெட்டி, ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிவந்த நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே நிற்பார்கள். பெரிய சடை என்றால் கிளிப்பர், அதாவது முடி வழிக்கும் மெஷின், வைத்திருப்பவரிடம் கொண்டு போ.

படத்தின் நடுவில் உள்ள, பிளேடு போலப் பல் வைத்த கருவியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முடி கொட்டும் பருவத்தில் எப்போதாவது, கை அழுத்தாமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காமல் பயன்படுத்தினால் சரி. தினமும் இழுத்தால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும். கோடை வந்ததும் மொட்டையடித்துவிடலாமா என்று யாராவது கேட்டால் உறுதியாக மறுத்துவிடு. வெயிலையும் அந்த முடிதான் தடுக்கிறது. வழித்த பிறகு பழையபடி சீராக வளரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கீழ் வீட்டுப் பூடில் கலப்பு நாய்க்கு முடியே கொட்டுவதில்லை என்று அவர்கள் பெருமைப்படுவதாகச் சொன்னாய். கொட்டும் முடி தரைக்கு வராமல் சுருளுக்குள் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு நீளக் கம்பி ஸ்லிக்கரும் சீப்பும் ஒருநாள் விட்டு ஒருநாளாவது வேண்டும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டவும் வேண்டும். இங்கே நம் இராஜபாளையம் மணிக்கோ ஒட்ட வெட்டினது போன்ற ஒற்றை முடி, அடியில் இளஞ்சிவப்புத் தோல். ரப்பர் கையுறையால் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஸ்லிக்கரை அவன்மேல் வைத்தால் கோடு கோடாகச் சிவந்துவிடும். எந்த ஸ்லிக்கரானாலும் உன் முழங்கையின் உட்புறத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நாயிடம் போ. எரிந்தால் கை அழுத்தம் அதிகம்.

குதிரைக்கு வருகிறேன். உன் லாயத்தில் அந்த ஹைலேண்ட் குட்டைக்குதிரையும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதே நல்ல பாடம். ஹைலேண்டும் லட்டு மாதிரியே அந்த ஊர் மழைக்கு வளர்ந்த உடம்பு: குளிர்காலத்தில் மேலே முரட்டு முடி, அடியில் மெத்தென்ற அடர்முடி. வெட்டவெளியில் நிற்கும் அந்தக் குதிரையின் முடியில் ஊறியிருக்கும் பிசுக்கு அழுக்கு இல்லை. மழை தோலுக்கு இறங்காமல் காப்பது அதுதான். குளிர்காலத்தில் பாடி பிரஷ்ஷால், அதாவது நெருக்கமான மென்நார் வைத்த பிரஷ்ஷால், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் குதிரை நனைந்து நடுங்கும். சேறு நன்றாகக் காய்ந்த பிறகு, கெட்டியான நார் வைத்த டேண்டி பிரஷ்ஷால் சுண்டித் தட்டிவிடு. ஈரச் சேற்றைத் தேய்க்காதே, மணலும் சேறும் தோலைக் கீறிப் புண்ணாக்கும். சேணமும் வார்ப்பட்டையும் படும் இடம் மட்டும் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

தரோபிரெட்டிடம் அதே டேண்டி பிரஷ்ஷைக் கொண்டு போனால் காதைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், பிரஷ் பட்ட இடத்தில் தோல் துடிக்கும். அவ்வளவு மெல்லிய தோல், முடியை வேறு மெஷினால் ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். குட்டைப் பல் வைத்த தேய்ப்பான் இருக்கிறதே, கர்ரி கோம்ப், அதில் மென்மையான ரப்பர் வகையால் கழுத்து, தோள், விலா, பின்பக்கம் என்று சதைப்பிடிப்பான இடங்களில் வட்டமாகத் தேய்த்து அழுக்கை மேலே கொண்டுவா. முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் அது வேண்டாம். பிறகு மென்மையான பாடி பிரஷ், உடம்பின் எடையைக் கொஞ்சம் சாய்த்து நீளமாக இழுக்க வேண்டும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பிரஷ்ஷை இரும்புக் கர்ரி கோம்பில் உரசித் தூசியைத் தட்டு. அந்த இரும்பு பிரஷ்ஷைச் சுத்தம் செய்யத்தான். குதிரை மேல் படக் கூடாது.

வாலுக்கு முதலில் விரல். ஒரு வால்முடி அறுந்தால் மறுபடி அந்த நீளத்துக்கு வர வருடக்கணக்காகும். வாலை வாரும்போது பக்கவாட்டில் நில், ஒரு கை அதன் முதுகில் இருக்கட்டும். கால்களைத் துடைக்கக் குனி, தரையில் மண்டியிடாதே. இதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் அம்மா ஒருமுறை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு குதிரையின் பிரஷ்ஷை இன்னொன்றுக்கு எடுக்காதே. படர்தாமரை பிரஷ் வழியாகவே தாவும், உன் கைக்கும் வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நார் கீழே பார்க்கும்படி வைத்துக் காயவிடு. அங்கே வெயில் இல்லையென்றால் ஹீட்டர் பக்கத்தில்.

வெளியே நிற்கும் குதிரைக்கு முடி மாறுவது முக்கியமாகப் பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. பகல் நீளத் தொடங்கியதும், குளிர் விடுவதற்கு முன்பே ஹைலேண்ட் கொத்துக் கொத்தாக உதிர்க்க ஆரம்பிக்கும். அப்போது அந்தப் பிசுக்கைப் பற்றிக் கவலைப்படாமல் ரப்பர் கர்ரி கோம்பால் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், அதற்கும் சுகமாக இருக்கும், மேல் உதட்டை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பாய்.

மாப்பிள்ளையிடம் சொல்: ரேக், ஸ்லிக்கர், ஸ்டீல் சீப்பு மூன்றையும், வேண்டுமானால் அந்தப் பிளேடு கருவியையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாரும்போது உண்ணியையும் தேடு. காதுக்குள், கால்விரல் இடுக்கில், அக்குளில். புதருக்குள் நடந்துவிட்டு வந்த அன்றைக்குக் கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் லட்டுவின் காதுக்குப் பின்னால் முடியைப் பிரித்துக் காட்டு. தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா