மாஸ்டரை அனுப்பிவிடாதீர்கள்

லண்டன்
29.05.2023

அன்பின் தம்பிக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு அனுப்பிய எண்ணெய் வந்து சேர்ந்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை. நம் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக் கதை மட்டும் குரல்பதிவாக வந்துவிடுகிறது. உனக்கு அங்கே காலை ஏழரை என்றால் எனக்கு இங்கே மூன்று மணி. கேட்ட பிறகு நித்திரை வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் இடையில் புகுந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு மாதத்தில் இரண்டு சுற்றுப்போட்டியிலும் முதல் ஆட்டத்தோடு வெளியேறிவிட்டோம், ஆகவே பயிற்சி கொடுக்கும் மாஸ்டரை மாற்றப்போகிறோம் என்கிறீர்கள்.

நான் நிற்கும் பத்திரிகைக் கடை, இங்குள்ள ஆர்சனல் உதைபந்தாட்ட அணியின் மைதானத்திலிருந்து நடக்கிற தூரம். ஆட்ட நாளில் வீதியை மறித்துவிடுவார்கள். அறுபதாயிரம் பேர் கொள்ளும் மைதானம். கடை வாசல் முழுக்கச் சிவப்புச் சட்டைதான். டிக்கெட் வாங்க என் சம்பளம் இடம் கொடாது. நான் ஆட்டத்தைக் காதால்தான் பார்க்கிறேன். நம்மவர்கள் கோல் போட்டால் கூரைகளுக்கு மேலால் இரைச்சல் வரும். எதிரணி போட்டால் ஒன்றும் வராது. நேற்றுக் கடைசி ஆட்டம். ஐந்து முறை வந்தது.

ஆனாலும் கிண்ணம் இல்லை. லீக் அட்டவணையில் 248 நாட்கள் முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசியில் 84 புள்ளிகளோடு இரண்டாமிடம். முதலிடம் பிடித்த மன்செஸ்டர் சிற்றி அணிக்கு 89. நம் ஊராக இருந்தால் இன்று இரவே கூட்டம் போட்டிருப்பீர்கள். இங்கே பயிற்றுவிப்பாளர் அர்டேட்டாவின் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டு போனார்கள்.

எப்போதும் இப்படிப் பாடியவர்கள் அல்ல. அவர் 2019 டிசம்பரில் வந்தார். முதல் கோடையிலேயே, லீக்கிலிருந்து வேறான, தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்தது; ஆனால் லீக்கில் எட்டாமிடம், அடுத்த முறையும் எட்டாமிடம். 2020 நத்தாருக்கு முன் ஏழு லீக் ஆட்டங்களாக வெற்றியே இல்லாமல் பதினைந்தாம் இடத்தில் கிடந்தார்கள். அப்போது 'இந்த ஆளை அனுப்ப வேண்டும்' என்று கல்லாவில் நின்று முதலில் சொன்னவன் நான்தான். தினமும் பத்திரிகை வாங்க வரும் முதியவர் ஒருவர், ஐம்பது வருடமாக ஆர்சனல் பார்க்கிறவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மிச்சக் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார். நத்தாருக்கு மறுநாள் செல்சியை 3-1 என்று வென்றார்கள். அன்று ஆடிய பொடியன்களில் சாக்காவுக்கும் மார்ட்டினெல்லிக்கும் 19 வயது, ஸ்மித் ரோவுக்கு 20. அடுத்த ஓகஸ்டில் மறுபடி மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஒன்பது கோல் வாங்கி, ஒன்றும் போடாமல், அட்டவணையின் அடியில். அப்போதும் அவரை வைத்திருந்தார்கள்.

நீ மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்ட விடயம் ஒன்று இருக்கிறது. சித்தப்பாவின் மகனை அவர் ஆட்டத்தில் இறக்காமல் வாங்கில் இருத்தினார். அவன் மூன்று நாள் பயிற்சிக்குப் பிந்தி வந்தவன் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபம் அங்கேதான் பிறந்தது, சுற்றுப்போட்டி வெறும் சாட்டு. கேள்: அந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் இரண்டு கோலும் போட்டவர் ஓபமேயாங். அணித்தலைவர். ஒழுங்கு மீறினார் என்று 2021 டிசம்பரில் அவரிடமிருந்து தலைமையைப் பறித்தார் அர்டேட்டா. அடுத்த மாத முடிவோடு ஆள் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். பைத்தியக்காரத்தனம் என்று அன்றும் நான் சொன்னேன். அந்த இடைவெளியில்தான் சின்னப் பொடியன்கள் ஓடிப் பழகினார்கள்.

காலம் கொடுத்தால் எல்லாரும் வெல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. அர்டேட்டாவுக்கு முன் இருந்த எமரியை இதே ஆர்சனல் ஒன்றரை வருடத்தில் அனுப்பியது. அவர் இப்போது அஸ்டன் வில்லாவை ஏழாமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவரை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று முதியவரிடம் கேட்டேன். 'அவரிடம் எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குச் சிரித்த முகத்தோடு போனார்களா என்று எனக்குத் தெரியாது' என்றார். உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன். விடிய ஐந்தரைக்கு மைதானத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? போன வருடம் எட்டுப் பேர் வந்தார்கள் என்று நீதான் சொன்னாய்.

இங்கே காசு சேர்த்து அனுப்புகிறவர்கள் போடும் சத்தத்துக்குப் பயப்படாதே. நாங்கள் ஆட்டத்தைக் கைபேசியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சட்டைக்கான காசை வரும் வெள்ளி அனுப்புகிறேன், மாஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் கூட்டத்தில் வாக்கெடுத்தால், அண்ணன் அவரை வைத்திருக்கச் சொன்னான் என்று குறிப்பேட்டில் எழுது.

நாலரைக்குப் பத்திரிகைக் கட்டு வந்துவிடும், போகிறேன். சித்தப்பாவின் மகனிடம் சொல், பயிற்சிக்கு நேரத்துக்கு வரட்டும்.

அன்புடன்,
அண்ணன்