பேழையில் ஏறிய பூனை: கென் ஹாமுக்கு ஒரு திறந்த மடல்

திரு. கென் ஹாம் அவர்களுக்கும் ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் அமைப்பினருக்கும்,

வணக்கம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் உள்ளது அப்படியே நடந்த வரலாறு என்று பிரசாரம் செய்பவர்கள் நீங்கள். உலகை மூழ்கடித்த ஜலப்பிரளயத்திலிருந்து விலங்குகளைப் பேழை என்னும் பெரிய கப்பலில் ஏற்றிக் காப்பாற்றிய நோவாவின் கதையைச் சண்டே ஸ்கூலில் கேட்டு வளர்ந்தவன் நான். கென்டக்கியில் 510 அடி நீளத்துக்கு நீங்கள் கட்டி 2016-இல் திறந்த மரப்பேழையைப் படத்தில் பார்த்து வாய் பிளந்தேன். (மழையில் அதன் சாலை சரிந்து, காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டீர்களே, அதை ஊரே கிண்டலடித்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.)

என் சந்தேகம் பூனையைப் பற்றியது.

எல்லா விலங்கும் ஏறினால் பேழையில் இடம் போதாது. அதனால் ஆதியாகமம் சொல்லும் 'ஜாதி' (விலங்கு வகை) ஒவ்வொன்றிலும் சில விலங்குகள் ஏறினால் போதும், மொத்தமே 7,000-க்குள்தான் என்கிறீர்கள். சிங்கம், புலி, வீட்டுப் பூனை எல்லாம் ஒரே பூனை ஜாதி. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு பிரிந்தவை. சரி. ஆனால் இதற்குப் பரிணாமம் என்றுதானே பெயர்?

அதுவும் என்ன வேகம்! இன்றுள்ள ஏறக்குறைய 40 பூனையினங்கள் பிரிய 1 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது மரபணு ஆய்வாளர்களின் கணக்கு. உங்கள் கணக்கில் பிரளயம் முடிந்து 4,400 ஆண்டுகூட ஆகவில்லை. எகிப்தியக் கல்லறைச் சுவரிலோ, சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன்பே, வீட்டுப் பூனை நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து மீன் தின்கிறது. அதே காலத்து மன்னர்கள் சிங்க வேட்டைக்கும் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் ஆயிரம் ஆண்டுக்குள் ஒரு ஜோடியிலிருந்து இரண்டும் வந்தாக வேண்டும். டார்வின்கூட இவ்வளவு அவசரப்படவில்லை.

புதிதாக எதுவும் உருவாகவில்லை, எல்லாம் முதல் ஜோடியின் மரபணுவிலேயே இருந்தது என்பீர்கள். ஒரு ஜோடியிடம் ஒரு மரபணுவுக்கு, தலைக்கு இரண்டாக, மிஞ்சிப்போனால் நான்கு வடிவங்கள் இருக்கலாம். மீதி எங்கிருந்து வந்தது?

2014 பிப்ரவரி 4 அன்று உங்கள் அருங்காட்சியகத்தில் உங்களோடு விவாதித்த, தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லித்தந்து புகழ்பெற்ற பில் நையும் இந்த வேகத்தைப் பற்றித்தான் கேட்டார்: அப்படியானால் தினமும் 11 புது இனங்கள் தோன்றியிருக்க வேண்டுமே என்று. உங்கள் மனதை எது மாற்றும் என்று அன்று கேட்டபோது, தேவ வசனம் உண்மையில்லை என்று யாராலும் உங்களை நம்பவைக்க முடியாது என்றீர்கள். அது உங்கள் விசுவாசம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. பேழைக்குள் அறிவியல் என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

விஞ்ஞானிகளைப் பார்த்து 'நீங்கள் அங்கே இருந்தீர்களா?' என்று கேட்கக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறீர்கள். அவர்கள் படிக்க இன்னொரு பலகையும் மாட்டுங்களேன்: அந்தப் பூனை ஜோடி எத்தனை தலைமுறையில் சிங்கமானது என்று.

இப்படிக்கு,
நோவா கதையை இன்னும் விரும்பும் ஒருவன்