பிள்ளைகளுக்கும் பேலியோ பட்டியல் எழுதித் தரும் ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேலியோ உணவு ஆலோசகர்களுக்கு வணக்கம்.

ஆதி மனிதன் உண்டது இதுதான் என்று சொல்லி, தானியத்தை விலக்கி இறைச்சி, முட்டை, கொழுப்பை முதன்மையாக உண்ணச் சொல்வது உங்கள் பேலியோ பட்டியல். அதைப் பின்பற்றி எடை குறைத்த பெரியவர்கள் பலர் உண்டு. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்ற நம் பழக்கத்தை நீங்கள் கண்டித்ததும் சரிதான். என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் சோறு, பழம், கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி அதே பட்டியலை எழுதித் தருகிறீர்கள். பெற்றோர் தயங்கினால், "ஆதி மனிதன் இதையெல்லாம் தின்றானா?" என்று கேட்கிறீர்கள்.

தின்றான். தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 1,70,000 ஆண்டுகளுக்கு முன் சுட்ட கிழங்குகள் கரியாகிக் கிடைத்திருக்கின்றன. இஸ்ரேலில் கலிலேயக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்துக் கல்லில் அரைத்தார்கள். ஜோர்டானில் 14,000 ஆண்டுப் பழைய அடுப்பொன்றில் ரொட்டித் துணுக்குகளே கிடைத்தன. அப்போது அங்கே யாரும் உழவு தொடங்கியிருக்கவில்லை. நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் பல்லில் படிந்து இறுகிய காரையைச் சோதித்தபோது, பெல்ஜியத்தின் ஸ்பை குகையில் வாழ்ந்தவர் காண்டாமிருகமும் காட்டுச் செம்மறியும் தின்றது தெரிந்தது. ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்தவை காளானும் பைன் விதையும் பாசியும்தான். எந்தக் காடோ, அந்தக் காட்டு உணவு. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்ஸா மக்கள் இறைச்சியோடு கிழங்கும் பெருக்கமரப் பழமும் உண்கிறார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தது தேன். அவ்வளவு தூரம் போவானேன்? பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைத்தவை என்று கபிலர் சொல்வது மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நான்கும் நீங்கள் விலக்கச் சொல்பவை.

உங்கள் பட்டியலில் உள்ள வெண்ணெயும் பனீரும் ஆடுமாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு வந்தவை. சுமார் பத்தாயிரம் ஆண்டுப் பழக்கம். அவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் சேர்த்துவிட்டு, கேழ்வரகை மட்டும் ஆதி மனிதன் பெயரைச் சொல்லி விலக்காதீர்கள்.

வளர்ச்சிக்கு வருகிறேன். உழவு வந்த பல இடங்களில் எலும்புக்கூடுகள் குட்டையாகின, பற்சொத்தை கூடியது. இதை நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறீர்கள், உண்மைதான். ஆனால் அந்த உழவர்களின் தட்டில் ஒன்றிரண்டு தானியத்தைத் தவிர மற்றதெல்லாம் சுருங்கிவிட்டிருந்தது. நெருக்கமான குடியிருப்புகளில் தொற்றுநோயும் பெருகியது. 1896-இல் பிறந்தவர்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், உலகிலேயே சராசரி உயரம் மிக அதிகமாகக் கூடியவர்கள் தென்கொரியப் பெண்கள்; சுமார் 20 சென்டிமீட்டர். அவர்கள் சோற்றை விடவில்லை. சோற்றோடு மீனும் முட்டையும் இறைச்சியும் காய்கறியும் சேர்ந்தன, நோய்கள் குறைந்தன.

நான்கைந்து வயதில் ஒரு பிள்ளையின் மூளை மட்டும் உடல் அன்றாடம் செலவிடும் ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் கீட்டோ உணவை மருத்துவர்களும் பிள்ளைகளுக்குத் தருவதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்காக 1920-களிலிருந்தே அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையும் உயரம், எடைக் கணக்கும் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் தருகிறார்கள். உயரம் கூடுவது மந்தமாகலாம், சிறுநீரகக் கல் வரலாம் என்பது அவர்கள் அறிந்ததே. அந்தக் கண்காணிப்பு எதுவும் இல்லாமல் நலமாக இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புகிறீர்கள். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இங்கேதான் உங்கள் குரல் தேவை. மஞ்சள் கருவைக் கண்டு பயந்த குடும்பங்களை முட்டை சாப்பிட வைத்தவர்கள் நீங்கள். உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். பிள்ளையின் தட்டில் சோற்றோடு முட்டை, மீன், பருப்பு, கீரை, ஒரு பழம் சேரட்டும் என்று சொல்லுங்கள். தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்கிறீர்களே, ஊறவைத்தலும் முளைகட்டுதலும் மாவைப் புளிக்கவைத்தலும் அதைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரும்புச்சத்தைத் தடுக்கும் டீயைச் சாப்பாட்டோடு கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பருமனான பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரிடம் பிஸ்கட், பாட்டில் பானம், பொரித்த பாக்கெட்டுகளை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளையைக் குழந்தை நல மருத்துவரிடம் அனுப்புங்கள். 18 வயது நிரம்பாத யாருக்கும் பட்டியல் தருவதில்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரை இந்த வாரமே அழைத்து, மருத்துவரிடம் உயரமும் எடையும் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தாய்